மேசையைச் சரிசெய்த வில்லன்

தம்பி எதையெல்லாம் ஜெயித்தான் என்று யாராவது கேட்டால், அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்வாள். ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை. இரண்டு, புரொஜெக்டர் அறையில் புகை கிளம்பிய அன்று, உள்ளே இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒருவர் காலும் சுளுக்காமல் வெளியே அனுப்பியது. மூன்று, ரசிகர்கள் நடத்திய வசனப் போட்டியில், கல்லூரிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரைத் தாண்டி முதல் பரிசு. சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. நான்காவது ஒன்று உண்டு. அதற்கு வரும்போது அவள் விரல் பாதியில் நின்றுவிடும்.

அக்கா சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். காலர் நுனியில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். தப்பு இருந்தால் நூல் கட்டி அடையாளம் வைத்துத் திருப்பி அனுப்புவாள். அப்படிப்பட்டவள், தன் வீட்டிலேயே, தன் காதிலேயே விழுந்துகொண்டிருந்த ஒரு தப்பை எட்டு மாதம் கவனிக்கவில்லை. கவனிக்காதது மட்டுமா, அதைப் பார்த்துப் பூரித்தும் போனாள்.

சிறு வயதில் தம்பியிடம் எழுத்து நிற்காது. எண்கள் நிற்கும், எழுத்து நிற்காது. "எறும்பு மாதிரி ஊருதுக்கா" என்பான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்கா, இவனையாவது கரையேற்றிவிட வேண்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவனுடைய பெயரில் இருப்பது நாலே எழுத்து. மூன்றாவது எழுத்தை நாற்பது தடவை காட்டிய பிறகும் அவன் தலைகீழாகப் போட்டான். அக்கா ஸ்கேலை எடுத்து விரல் முட்டியில் ஒன்று வைத்தாள். அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அன்றோடு அவன் பென்சிலைத் தொடவில்லை. யார் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இடது கைக் கட்டைவிரலை நீட்டிவிடுவான்.

தியேட்டர் வேலை கிடைத்ததும் அந்தக் கட்டைவிரலால்தான். ஒவ்வொரு வரிசையின் ஓரத்து நாற்காலியிலும் பித்தளையில் எழுத்து புடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தடவித் தடவியே அவன் பழகிவிட்டான். மேனேஜர் விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தார். அவர் சொன்ன ஐந்து வரிசைக்கும் தட்டுத் தடுமாறாமல் போய் நின்றான். "எனக்கு வெளிச்சத்துலயே தெரிய மாட்டேங்குது, இந்தப் பயலுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியுது" என்று சேர்த்துக்கொண்டார். டிக்கெட்டை வாங்கி டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல் பார்ப்பான். பிறகு ரொம்ப மரியாதையாக, "எந்த வரிசைன்னு சொன்னீங்க?" என்பான். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பேர்பெற்ற ஒரு இயக்குநரின் படம் அங்கே அறுபத்து மூன்று நாள் ஓடியது. நாளுக்கு நாலு காட்சி. தம்பி ஒரு வசனம் விடாமல் உள்வாங்கிவிட்டான். சண்டையோ பாட்டோ அவனை இழுக்கவில்லை. ஒரே ஒரு காட்சி.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு படச்சுருள் இருக்கிறது. அதற்காக வில்லன் வருகிறான். வாசலில் நின்று, "உள்ள வரலாமா? தொந்தரவு இல்லையே?" என்கிறான். உட்கார்ந்து கையை ஊன்றினால் மேசை ஆடுகிறது. "அடடா, எத்தனை நாளா ஆடுது? பாவம், எப்படித்தான் இதுல வச்சு எழுதுறீங்க?" சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, குனிந்து மேசைக் காலுக்கு அடியில் வைக்கிறான். "இப்ப ஆடல பாருங்க." ஸ்டூடியோக்காரர் சிரிக்கிறார். தியேட்டரும் சிரிக்கும். பிறகு பதினோரு நிமிடம் மழையைப் பற்றியும் கேமரா லென்ஸ் துடைப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறான். குரல் ஒரு தடவைகூட உயராது. சுருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே எழுந்து போய்விடுகிறான். அதற்குப் பிறகுதான் ஸ்டூடியோக்காரர் குனிந்து அந்தக் காகிதத்தைப் பிரிக்கிறார். அன்று காலை அவருடைய மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன விடுப்புக் கடிதம். அடியில் அவருடைய கையெழுத்து.

ஒரு நாள் சரியாக அந்த இடத்தில் புரொஜெக்டர் மக்கர் செய்தது. கூட்டம் விசிலடித்து நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தது. தம்பி திரைக்கு முன்னால் போய் நின்று, டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினான். வில்லனும் அவனே, ஸ்டூடியோக்காரரும் அவனே. படம் திரும்ப ஓடத் தொடங்கியதும், "நிறுத்துய்யா, அவர் முடிக்கட்டும்!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். அன்று முதல் அவனுக்கு வில்லன் என்றே பெயர். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வில்லண்ணன். அவர்களில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவன் காட்சிக்குக் காட்சி வருவான். அவனுக்குக் கண்ணாடி என்று பெயர்.

அக்காவுக்கு இது புரியவில்லை. ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, படத்துல நல்லவன் ஒருத்தன் இருக்கானே, அவனைப் பேசிக் காட்டக் கூடாதா? ஊரே உன்னை வில்லன்னு கூப்பிடுது. நாளைக்கு உனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"

"நல்லவன் எப்பப் பாரு கத்திக்கிட்டே இருக்கான்க்கா. அவன் என்ன செய்வான்னு நமக்கு முன்னாடியே தெரியுது. இவன் அப்படி இல்ல. வந்தவன் மேசையைச் சரிபண்ணுறான். 'சே, இவன் நல்லவனா இருந்துட மாட்டானா'ன்னு நமக்கே ஒரு ஆசை வந்துடுது. உள்ளுக்குள்ள தெரியும், இல்லன்னு. அந்த ஆசைக்கும் அந்தத் தெரியறதுக்கும் நடுவுல பதினோரு நிமிஷம் உட்கார வச்சிடுறாரு அந்த டைரக்டரு. ஒருத்தன் பாத்ரூம் போறதில்லக்கா. டார்ச் அடிச்சுப் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும்."

"அவ்வளவுதானா?"

தம்பி சோற்றைப் பிசைந்தான். "இன்னொண்ணும் இருக்கு. அவன் எல்லாரையும் நீங்கன்னு கூப்பிடுறான். கதவு திறக்கிறவனைக்கூட. எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கான். என்கிட்ட யாருக்கா அப்படிப் பேசியிருக்காங்க?"

அக்கா அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

புகை கிளம்பிய அன்று அந்தக் குரல்தான் கை கொடுத்தது. எல்லோரும் எழுந்து ஒரே கதவை நோக்கிப் பாயப் பார்த்த நேரம், தம்பி நடுவழியில் நின்றுகொண்டு வில்லனாகப் பேசினான். "அவசரமே இல்லைங்க. உட்காருங்க. கடைசி வரிசை முதல்ல. குழந்தையை நீங்க தூக்கிக்குங்க, அந்தப் பையை நான் எடுத்துட்டு வரேன்." கத்தியிருந்தால் மிதித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். மெதுவாகப் பேசியதால் காது கொடுத்தார்கள். வரிசை வரிசையாகப் போனார்கள். கடைசியில் அவன் வந்தான், யாரோ விட்டுப்போன ஒரு செருப்போடு.

ஒரு ஜூன் மாதம் அவன் தொண்டை கட்டியது. கட்டிய தொண்டை திறக்கவில்லை. குரலில் ஒரு கரகரப்பு ஏறி, அடியில் இறங்கி, மணலில் கால் வைத்ததுபோல் ஆகிவிட்டது. ஆகஸ்டில் போட்டி. மேடையில் ஏறி, "உள்ள வரலாமா?" என்று அந்தக் குரலில் கேட்டபோது மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது. கண்ணாடி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வில்லண்ணே, இப்பத்தான் அசல் வில்லன் குரல் வந்திருக்கு. படத்துல இருக்கிற ஆளே உங்ககிட்டப் பிச்சை வாங்கணும்."

வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்கு ஆணி அடித்ததும் தம்பி இருமல் மருந்து பாட்டிலை எடுத்தான். அக்கா அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். பெருமை அவள் தலைக்கு ஏறியிருந்தது.

"இதைக் குடிச்சு அந்தக் குரலைக் கெடுத்துக்காதேடா. கடவுளாப் பார்த்துக் கொடுத்திருக்கான்."

பாட்டில் அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. அவன் சரி என்றுவிட்டான். அக்கா சொல்லி அவன் மாட்டேன் என்றது கிடையாது.

பிப்ரவரியில் சோறு இறங்கவில்லை. கழுத்தில் ஒரு பக்கம் கட்டி தட்டுப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது அக்காவின் விரல்தான், காலர் பொத்தானைப் போட்டுவிடும்போது. தையல் விட்ட இடத்தில் நிற்பதுபோல் நின்றது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தியேட்டரைப் பற்றிக் கேட்டார். தானும் அந்த இயக்குநரின் படத்தை இரண்டு தடவை பார்த்ததாகச் சொன்னார். அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் சொன்னார். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் ஒரு வருடம் தாண்டாது.

"குரல் மாறினப்பவே வந்திருந்தீங்கன்னா, கரண்ட் வைத்தியத்துலயே, அதான் ரேடியேஷன்லயே, பார்த்திருக்கலாம். குரலும் தங்கியிருக்கும்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"கவனிச்சியாக்கா? டாக்டரம்மா எனக்கு மேசையைச் சரிபண்ணிக் கொடுத்தாங்க. அப்பவே நினைச்சேன், காகிதத்துல என்னமோ இருக்குன்னு."

அக்காவால் முடியவில்லை. "நான்தாண்டா மருந்து வேண்டாம்னேன். பாட்டிலைப் பிடுங்கினவ நான்தானே."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். கரகரத்துச் சிரித்தான். "அப்போ அசல் வில்லன் நீதான். ஆசையாப் பேசியே ஆளை முடிச்சிட்டியே."

சொன்ன மறு நொடியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, சும்மாக்கா. அந்த மருந்து தண்ணி மாதிரி இருக்கும். அது என்ன செஞ்சிருக்கப் போகுது?"

அது உண்மை என்று அக்காவுக்கும் தெரியும். பாட்டில் கையில் இருந்திருந்தால் குடித்திருப்பான், மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் போயிருப்பான் என்பதும் தெரியும்.

நான்கு நாள் அவன் சம்மதம் சொல்லவில்லை. குரல் இல்லாமல் அவன் யார்? வெறும் டார்ச். மேனேஜர் வந்து பார்த்தார், கண்ணாடி வந்து அழுதான். கடைசி தடவை அந்தக் காட்சியைப் பேசிக் காட்டுங்கள், போனில் பதிந்துவைத்துக்கொள்கிறேன் என்றான் கண்ணாடி. தம்பி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான். "அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கீங்க. எனக்கு இருக்கிறதை நான் அக்காகிட்டச் சும்மா பேசிக்கிறேன்."

ஐந்தாம் நாள் காலையில் அவனே கேட்டான்.

"அக்கா, பேச்சு போனா, தண்ணி வேணும்னா நான் உன்கிட்ட எப்படிக் கேட்பேன்?"

"கையைக் காட்டுடா. எனக்குத் தெரியாதா?"

"நீ இல்லாத இடத்துல?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எழுதணும்ல. சொல்லிக்கொடு. முதல்ல என் பேரு. அந்தப் பேப்பர்ல நான் கட்டைவிரல் வைக்க மாட்டேன். என் குரலை எடுத்துக்கங்கன்னு சொல்றதை என் கையால சொல்றேன்."

அறுவைச் சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. முதல் மூன்று நாள் காகிதத்தில் காட்டினாள். எறும்புகள் முப்பது வருடம் கழித்தும் ஊர்ந்தன. நான்காம் நாள் தொழிற்சாலையில் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்குத் தியேட்டர் நாற்காலி ஞாபகம் வந்தது. வெட்டிப் போட்ட காலர்த் துணி ஒன்றை எடுத்து, தடித்த நூலால் அவன் பெயரைப் புடைக்கத் தைத்தாள். எழுத்துக்கு நாலு அங்குலம். தம்பி கண்ணை மூடி இடது கட்டைவிரலால் தடவினான், வலது கையால் எழுதிப் பார்த்தான். மூன்றாவது எழுத்தில் விரல் தயங்கி, சுற்றி, சரியான பக்கம் இறங்கியது.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவனுடைய ஏழு வயதிலேயே ஒரு துண்டுத் துணியும் நூலும் எடுத்திருந்தால் போதும். அவள் எடுத்தது ஸ்கேல்.

"அக்கா, தண்ணி வீணாப் போகுது பாரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் குழாயை மூடவில்லை. அவன் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றாள். சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை அன்று காலை நர்ஸ் படிவத்தோடு மைப் பெட்டியையும் கொண்டுவந்தாள். தம்பி மைப் பெட்டியை ஒரு விரலால் தள்ளி வைத்தான். "பேனா இருக்குமா? தொந்தரவு இல்லையே?" என்றான். நர்ஸ் சிரித்துக்கொண்டே சட்டையில் குத்தியிருந்த பேனாவைக் கொடுத்தாள்.

கட்டிலுக்குக் குறுக்கே தள்ளும் சாப்பாட்டு மேசைமேல் படிவத்தை வைத்தான். முதல் எழுத்துக்குப் பேனாவை ஊன்றியதும் மேசை ஆடியது. அக்கா கைப்பையில் துழாவினாள். ஒன்பது நாளாக அவன் எழுதிப் பழகிய தாள்களில் ஒன்று கிடைத்தது. நாலாக மடித்து, குனிந்து, காலுக்கு அடியில் செருகினாள். நிமிரும்போது தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் சிரித்தது.

இடது கையில் காலர்த் துணி. கட்டைவிரல் நூலின்மேல் ஊர்ந்தது. நாலு எழுத்துக்கும் நாலு நிமிடம் ஆயிற்று. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது எழுத்து சரியான பக்கம் பார்த்தே நின்றது. பேனாவை வைத்துவிட்டு மேசையைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"இப்ப ஆடல பாருங்க" என்றான். அக்காவை நீங்க என்று அவன் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அக்கா அவன் குரலைக் கேட்கவில்லை. இரண்டாம் வார்த்தை பேச வாய் எடுப்பதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது.

நான்காவது விரலை மடக்க வேண்டியது அங்கேதான். படிவத்தின் நகல் அவளிடம் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் அவனே எழுதியது, எண்கள் என்றைக்கும் அவனிடம் ஊராமல் நின்றவைதானே:

14.3.2019