பொன்வண்டுச் சிறகும் பொய் ஈயும்

யுத்த காலத்தில் கப்பல் ஒழுங்காக வராததால், நீலகிரியில் மீன்பிடிக்கும் துரைமார்களுக்குப் பொய் ஈ கிடைக்காமல் போயிற்று. அங்கே ட்ரவுட் மீனைப் புழு வைத்துப் பிடிக்கக் கூடாது. தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் நூலும் கட்டி, ஈ போலச் செய்த பொய் இரையால்தான் பிடிக்க வேண்டும். அதைச் சோதிக்கிற ஓடைக் காவலர், என் அக்காவின் கணவர்.

அக்கா அப்போது அரியலூரில் எங்களோடு இருந்தாள். மலையில் பிறந்த குழந்தை நாற்பது நாளில் குளிர்க்காய்ச்சல் கண்டு போய்விட்டது. திரும்பி வந்தவள் எட்டு மாதமாக எந்த வேலையிலும் கை வைக்கவில்லை. கூப்பிட்டால் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

லீவில் வந்த அத்தான் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெறும் தூண்டில் முட்கள், மாதிரிக்கு ஒரு பழைய ஈ, அச்சடித்த சட்டத்தாள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்த நான் வாசித்துச் சொன்னேன்: இறகு, மயிர், பட்டு, ஜரிகை சேர்க்கலாம், உயிருள்ளதோ செத்ததோ பூச்சி புழு கூடாது, மணம் ஏற்றிய எதுவும் கூடாது.

"எங்கயும் கெடைக்கலியாம். எங்க பெரிய துரை கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் கட்டிப் பாருங்களேன்" என்றார் அத்தான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், பாக்குவெட்டியின் வாயில் ஒரு முள்ளைச் செருகி, கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டுச் சண்டைச் சேவலின் கழுத்து இறகை நான் கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளாட்டு மயிர் கிடைத்தது. ஜரிகைக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கும்போதே, அவள் தன் கல்யாணப் புடவையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிவிட்டாள். அம்மா பார்த்தும் பார்க்காதது போலப் போனாள்.

ஐந்தாறு நாளில் இருபது ஈ ஆயிற்று. மூன்றில் மட்டும், கருவேல மரத்தடியில் செத்துக் கிடந்த பொன்வண்டின் கெட்டியான மேல்சிறகை நறுக்கி முதுகில் வைத்துக் கட்டியிருந்தாள். வெயிலில் பச்சையாக மின்னியது.

அத்தான் அந்த மூன்றையும் தனியே தள்ளினார். "இது ஆவாது. பூச்சி கூடாதுன்னு சட்டத்துல இருக்குல்ல."

"கோழி றெக்கை ஆவும், வண்டு றெக்கை ஆவாதா?"

"என் பொண்டாட்டி கட்டுனதுன்னு நானே வுட்டா, நாளைக்கு ஊரான தடுக்க முடியுமா?"

"நீங்க சொல்லாதீங்க. அந்தத் துரைகிட்டயே கேளுங்க."

அவள் குரலை உயர்த்திப் பேசி வெகுநாளாயிற்று. அத்தான் அந்த மூன்றையும் திரும்ப மற்றவற்றோடு சேர்த்துவைத்து, "சரி, கேக்குறேன்" என்றார்.

எல்லாவற்றையும் நான் ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரத்தில் டப்பா திரும்பி வந்தது, அத்தானின் கடிதத்தோடு. சத்தமாகப் படித்தேன். துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். வண்டின் மேல்சிறகில் சதையும் இல்லை, சாறும் இல்லை, மீன் தின்ன ஒன்றுமில்லை, ஆகவே பூச்சியில் சேராது என்றாராம். ஆனால் இருபதையும் முகர்ந்து பார்த்துத் திருப்பிவிட்டார். மணம் கூடாதே. நான் போட்டுக் கொடுத்தது பெருங்காய டப்பா.

அக்கா டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

புதிதாக இருபது கட்டி, பனையோலைக் கொட்டானில் வைத்தாள். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன்.

"வேணாம்டி. நானே எடுத்துக்கிட்டுப் போறேன்."

அரியலூர் ஸ்டேஷனில் திருச்சி வண்டியில் ஏற்றிவிட்டோம்.

யுத்தம் முடிந்தபின் ஒருமுறை நான் மலைக்குப் போனேன். முதலில் குழந்தையைப் புதைத்த இடத்துக்கு என்னை அழைத்துப்போனாள். அங்கிருந்து ஓடைக்கு இறங்கினோம். கல்லிடுக்கில் ஒரு மீன் எதிர்நீச்சலில் அசையாமல் நின்றது, உடம்பெல்லாம் புள்ளி.

"நம்மூரு வெரால்ல பாதி இல்லியே. இதுக்கா இத்தனை சட்டம்?" என்றேன்.

"சத்தம் போடாத, ஓடிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா.