லென்ஸுக்கு முன்னால் ஒரு கை

பயம் வந்தால் உங்களுக்கு எங்கே தெரியும்? வயிற்றிலா, முழங்காலிலா? எனக்குப் போன வெள்ளிக்கிழமை உள்ளங்கையில் தெரிந்தது.

வருஷம் 1976. அபுதாபியில், முசஃபாவுக்குப் பக்கத்தில் எங்கள் சைட். ஜெர்மன் கம்பெனி. நான் ஆபீஸ் கிளார்க். காலேஜில் புரொஜெக்டர் ஓட்டியிருக்கிறேன் என்று ஒருநாள் வாயை விட்டுவிட்டேன்... அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கேம்ப் மெஸ்ஸில் போடும் படத்துக்கு ஆபரேட்டரும் நானே. ஜன்னலுக்கெல்லாம் கம்பளி மாட்டி இருட்டாக்கிவிடுவோம்.

இந்த முறை ஜெர்மன்கார மேனேஜர் தன் ஊரிலிருந்தே படம் வரவழைத்திருந்தார். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்த ஜெர்மன் காமெடி. சிறுவனாக இருந்தபோது வயிறு வலிக்கச் சிரித்தாராம். அந்தச் சந்தோஷத்தில் கஃபீலையும் அழைத்துவிட்டார்.

கஃபீல் என்றால் எங்கள் கம்பெனிக்கு உள்ளூர்ப் பொறுப்பாளர். அவர் கையெழுத்து இல்லாமல் எங்களில் ஒருவர்கூட இங்கே இருக்க முடியாது. என் மனைவிக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத என் மகளுக்கும் விசா கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் அவர் மேஜையில்தான் கிடந்தது.

"கஃபீலோட அப்பாவும் வர்றார். முத்தம் கித்தம் வந்தா லென்ஸைக் கையால மறைச்சிடு," என்றார் மேனேஜர் இங்கிலீஷில்.

"எந்த இடத்துல வரும் சார்?"

"நாற்பது வருஷமாச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

ரீல் வந்ததே அன்று காலைதான். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. முத்தம் எப்போது வரும் என்று நான் எந்த ஜோசியரைக் கேட்பது?

தைரியம் சொன்னவர் வெல்டர் மாரிமுத்து. ராமநாதபுரத்துக்காரர். ஊர் டூரிங் டாக்கீஸில் ஒரு படம் விட்டதில்லை. என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீக சார். மியூசிக்க வச்சே சொல்லிப்புடுவேன். பிடிலு இழுத்துச்சுன்னா மறைச்சுப்புடுங்க."

படம் ஆரம்பித்தது. பியானோ விற்க வந்த ஒருத்தன், பணக்கார வீட்டுப் பெண், அவள் வளர்க்கும் குண்டு நாய். பிடில் இழுத்தது. "மறைங்க!" மறைத்தேன். கையை எடுத்தால்... நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி பிடில், மறுபடி கை. இந்தத் தடவை அவள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். மேனேஜர் திரும்பி முறைத்தார்.

பிறகு இருவருக்கும் பெரிய சண்டை. தட்டு பறக்கிறது. கத்துகிறார்கள். ஹாலே சிரிக்கிறது. நம் படங்களில் சண்டை என்றால் சண்டைதானே? மாரிமுத்து கீழே விழுந்த தீப்பெட்டியைத் தேடிக் குனிந்தார். நான் வியர்வையைத் துடைத்தேன்.

அந்த நொடியில் — பிடிலும் இல்லை, ஒன்றும் இல்லை — திரை முழுக்க முத்தம். ஆற அமர, நீளமாக.

"போச்சு சார்," என்றார் மாரிமுத்து.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் கஃபீலின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கஃபீல் எழுந்து நேரே என்னிடம் வந்தார். பம்பாயில் பல வருஷம் வியாபாரம் செய்தவர், இந்தி பேசுவார்.

"ஷாதி ஹோ கயா?"

அந்த ஜோடிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? விசாத் தாள் கண்ணெதிரே ஆடியது.

"ஹோ கயா, சாப்!" புருஷன் பெண்டாட்டிதான் என்று அடித்துச் சொன்னேன்.

"அச்சா." போய் அப்பா காதில் சொன்னார். பெரியவர் நிமிர்ந்தார்.

அப்பாடா என்று கடைசி ரீலை மாட்டினேன். திரையில் ஒரு சர்ச். வெள்ளை உடையில் அந்தப் பெண். கையில் பூங்கொத்து. பக்கத்தில் பியானோக்காரன்...

கல்யாணம்!

என்ன செய்தேன் என்கிறீர்களா? மறைத்தேன். ஐந்து விரலையும் சேர்த்து, படம் முடிகிறவரை. விளக்குச் சூடு உள்ளங்கையைச் சுட்டது. எடுக்கவில்லை. இருட்டில் மணி மட்டும் டாண் டாண் என்று அடித்துக்கொண்டிருந்தது. பயந்தவனுக்கு எதை மறைப்பது என்ற விவஸ்தை ஏது? முத்தத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கல்யாணத்தை மறைத்த ஆபரேட்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை காலை கஃபீல் கூப்பிட்டனுப்பினார். 'கேன்சல்' என்ற வார்த்தையைக் கேட்கத் தயாராகவே போனேன். மேஜையில் என் விண்ணப்பம். பேனாவைத் திறந்தவர், நிறுத்தினார்.

"பம்பாய்ல என் வீட்டுக்கு எதிர்ல சர்ச்," என்றார் இந்தியில். "கல்யாண மணி எனக்குத் தெரியும்."

சூடுபட்ட உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"உன் கதை எப்படி? ஷாதி ஹோ கயா... இல்லை, உனக்கும் கடைசி ரீல்லதானா?"

சட்டைப் பையிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டினேன். விரல் எதையும் மறைத்துவிடாமல், ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு. பார்த்தார். மீசைக்குள் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் ஏர்போர்ட்டில் மகளைப் பார்க்கும்போது எவ்வளவு கண்ணீர் வந்தாலும் சரி... கையை மட்டும் கண்ணருகே கொண்டுபோக மாட்டேன்!