கப்பல் பலகையில் ஆட்டு வாசம்

எங்கள் மல்லசமுத்திரத்துக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எங்கள் வெள்ளாடுகள் கப்பல் பலகை மேல்தான் நின்றன. தூத்துக்குடிக்கு லாரி ஓட்டிய அப்பா, எந்தக் காலத்திலோ மூழ்கிய கப்பலின் மரம் என்று விறகு விலைக்கு வாங்கி வந்தது. ஆள் செத்த மரம் வீட்டுக்குள் ஆகாது என்று சொந்தபந்தம் கூடிச் சொல்லிவிட்டது. ஆட்டுக்கு மட்டும் ஆகுமாம். அம்மா அதைத் தரைக்கு மேலே ஆடு நிற்கும் பரணாக அடித்துவிட்டார். எந்த மழைக்கும் ஆடுகளின் கால் நனையவில்லை.

அன்று ஆகாது என்றவர்களில் என் அக்காவின் கணவரும் உண்டு. போன வருஷம் அவர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓட்டல் கட்டினார். அதிலிருந்து மச்சானுக்குப் பாரம்பரியத்தின் மேல் பக்தி முற்றிவிட்டது.

"அத்தே, இது பொக்கிஷமுங்க. இதப் போயி ஆட்டுக்குப் போட்டு வெச்சிருக்கீங்களே!"

"அப்ப ஆடு எங்கீங்க மாப்ள நிக்கும்?"

"மழைக்கு முந்தியே சிமெண்டுத் தளம் போட்டுத் தர்றனுங்க."

மகள் முகத்துக்காக அம்மா தலையாட்டினார்.

திறப்பு விழாவில் பலகைகள் சுவரில் மின்னின. ஆடு கடித்த இடமெல்லாம் அலை அரித்த தழும்பு என்று மச்சான் விளக்கினார். சேலத்திலிருந்து வந்த ஒருவர் பலகையில் மூக்கை வைத்து, "கடல் வாசம் இன்னும் போகலீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். அது எங்கள் கிடாயின் மூத்திர வாசம். நான் வாயைத் திறக்கும் முன்பே மச்சான் காதோரம் வந்து, "கம்முனு இருங்க மாப்ள" என்றார்.

மழை வந்தது, சிமெண்டு வரவில்லை. அம்மா போன் செய்தால், "ரெண்டு நாளுங்க அத்தே" என்பார். சேற்றில் நின்று நின்று ஆடுகள் குளம்பு புண்ணாகி நொண்ட ஆரம்பித்தன. மருந்து போட்டும் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கறிக்கடைக்காரரிடம் பிடித்துக் கொடுத்தார். மச்சானை நாலு வார்த்தை கேட்கலாம் என்று எனக்கு நாக்கு துடித்தது. அக்காவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரமே பேரன் பிறந்தநாளுக்கு ஓட்டலில் விருந்து. மச்சான் அம்மாவைப் பலகைக்குக் கீழேயே உட்கார வைத்து, தானே பிரியாணி பரிமாறினார்.

"சாப்பிடுங்க அத்தே. நம்மூர் வெள்ளாடுதானுங்க. மல்லசமுத்திரத்துக் கறிக்கடைக்காரர்தான் கொண்டாந்து போடறாரு."

அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுவரில் இருந்த பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"பலகையாவது நனையாம இருக்குதுங்களா மாப்ள?"

மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அதுக்குன்னே ஏசி போட்டிருக்கறனுங்க அத்தே!"