மாமனாரும் மடுவின் மீன்களும்

நான் வேலை பார்த்த சிறிய அணையின் தண்ணீரில்தான் என் மாமனாரின் வயலும் விளைந்தது. கோடையிலும் ஆற்றை முழுக்க அடைத்துவிடாமல் கொஞ்சம் தண்ணீரைக் கீழே விட வேண்டும், மடுக்களில் மீனும் கொக்கும் பிழைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு உத்தரவு வந்தது. மதகைத் திறந்துவிட்டவள் உதவிப் பொறியாளரான நான். கேலி செய்ய மாமனாருக்கு வேறென்ன வேண்டும்?

"இஞ்சினியரம்மா, ஒங்க மீனுகல்லாம் சௌக்கியமா இருக்காகளா?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு சிரிப்பும் வந்துவிடும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், உரம் வாங்கக் காரைக்குடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் பைக்கில் கிளம்பினார். நான் ஆற்றைப் பார்த்து வரலாமென்று அணைக்குக் கீழே நடந்தேன். மடுப் பக்கம் யாரோ கத்தும் சத்தம் கேட்டது. பார்த்தால் என் மாமனார்! தண்ணீரை இறைக்க மோட்டார் கொண்டுவந்த இருவரோடு, சேற்றில் நின்றபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மோட்டாரத் தூக்குங்கப்பா! பூராத்தையும் இறைச்சுட்டா அயிரைக் குஞ்சுக எங்குட்டுப் போகும்?"

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"சும்மா இங்குட்டு வந்தேம்மா."

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவரை மாமியார் மேலும் கீழும் பார்த்தார். "உரக்கடைக்குப் போயா வேட்டிய இம்புட்டுச் சேறாக்கிட்டு வந்தீக?"

அவர் பாவமாக என்னைப் பார்த்தார்.

"கடைக்கு முன்னால ரோட்டத் தோண்டிப் போட்டுருக்காக அத்தை" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.