பழைய கெஸலும் புதுப் பம்பியும் என் நாரியும்

வீட்டுக்கு ஹீற்றர் பூட்டுகிற தொழிலில் ஆட்கள் இரண்டே வகை: கெஸலை மேல்பக்கம் பிடிக்கிறவன், கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன்.

கெஸல் என்பது ஜெர்மன் வீடுகளின் கெல்லரில், அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கிற அறையில், எண்ணெயை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்புகிற இரும்புக் கொதிகலன். பழசானால் கழற்றிப் படியால் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பாரம் முழுக்கக் கீழே நிற்கிறவன்மேல் இறங்கும். எங்கள் வுப்பர்டால் நகரில் வீடெல்லாம் மலைச்சரிவில், கெல்லர்ப் படியெல்லாம் ஏணி மாதிரி. என்னோடு வேலை செய்த ஊவே ஒவ்வொரு முறையும் என்னை முந்திக்கொண்டு மேல்படிக்கு ஓடிவிடுவான். கேட்டால், "நீ குள்ளம், கீழே நிற்பதுதான் உனக்கு வசதி" என்பான். முதலாளிக்கு நாரியை, அதாவது இடுப்பு முதுகைக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

முதலாளியின் யோசனை

எண்ணெய் விலை ஏறிக்கொண்டு போன காலம் அது. என் நாரியும் அதே நேரத்தில்தான் கைவிட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் கத்தி வைக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த வருசம் முதலாளி ஒரு பயிற்சிக்குப் போய்வந்து புது யோசனை சொன்னார். தோட்டத்தில் காற்றாடி வைத்த ஒரு பெட்டி. அது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பும். பெயர் வெப்பப் பம்பி. கடும் குளிர் வந்தால் அதற்கு மூச்சு வாங்கும். அப்போது கெல்லரில் இருக்கிற பழைய கெஸல் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டும் சோடி.

எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: கெஸல் கெல்லரிலேயே நிற்கும். அதை ஒருவரும் தூக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து அந்தப் பம்பியை நான் பெற்ற பிள்ளை மாதிரிப் புகழத் தொடங்கினேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாரிக் குளிர் முழுக்க வாடிக்கையாளர் சத்தம் போடாமல் இருந்தால் இதையே செய்வோம். சத்தம் போட்டால், திரும்பவும் கெஸல் தூக்குவோம்."

கை வைத்துப் பார்க்கிறவர்கள்

முதல் சத்தம் ஒரு பென்சன்கார ஆசிரியையிடமிருந்து வந்தது. ஹீற்றர் வேலை செய்யவில்லையாம். போனேன். அந்த அம்மா கைநீளமில்லாத சட்டையோடு கதவைத் திறந்தார். வீடு இதமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியும் அதையேதான் சொன்னது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், சுவரோரம் சுடுதண்ணீர் ஓடுகிற ரேடியேட்டரில் கை வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. பம்பியோடு ஓடும்போது அப்படித்தான் இருக்கும். அது கையைச் சுடாமல், நாள் முழுக்க மெதுவாகச் சூடாக்கும். முதலாளி சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் பிழையான விடையைக் கேட்டுக்கொண்டிருப்பது போலப் பொறுமையாகக் கேட்டார். அறை சூடாகத்தானே இருக்கிறது என்றேன். அதற்கு அவர் சொன்னது: "அறை சூடாக இருப்பது எனக்கும் தெரிகிறது. நான் காசு கொடுத்தது அறைக்கு இல்லை, ஹீற்றருக்கு."

ஊவேயின் வைத்தியம்

இரண்டாம் முறை ஊவேயை அனுப்பினார்கள். கால் மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டு வந்தான். ஆசிரியையின் பாராட்டு அவனுக்கு முன்னமே தொலைபேசியில் வந்து சேர்ந்துவிட்டது. ரேடியேட்டர் தோசைக்கல் மாதிரிச் சுடுகிறதாம். முதலாளி எல்லாருக்கும் முன்னால் அவன் தோளில் தட்டினார். என் தோளில் இத்தனை வருசத்தில் கெஸல்தான் தட்டியிருக்கிறது.

அவன் செய்தது இவ்வளவுதான். கெஸல் எந்தக் குளிரில் பற்ற வேண்டும் என்று வைத்திருந்த இலக்கத்தை, வசந்தகாலத்திலும் அதுவே எரியும்படி ஏற்றிவிட்டான். பம்பி தோட்டத்தில் சிலையாகிவிட்டது. எண்ணெய் முடிந்ததும் அந்த அம்மா மறுபடி சத்தம் போடுவாரே, பிறகு முதலாளி கெஸல் தூக்கச் சொல்லுவாரே என்று வான் வண்டிக்குள் அவனோடு சண்டை பிடித்தேன். ஊவே பாணைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அவளுக்குச் சூடு வேண்டும், எனக்கு நிம்மதி வேண்டும். பம்பிக்கு என்ன வேண்டும் என்று அது என்னிடம் சொல்லவில்லை."

பியர் பெட்டி

பம்பி சூட்டை உறிஞ்சிக்கொண்டு குளிர்ந்த காற்றை முன்பக்கமாக ஊதும். அதை ஒரு வாடிக்கையாளர் சொந்தமாகவே கண்டுபிடித்துவிட்டார். நான் போனபோது காற்றாடிக்கு முன்னால் பியர் பெட்டிகள் மதில் மாதிரி அடுக்கியிருந்தன. காற்றுப் போக வழியில்லை. பம்பி திணறித் திணறி நின்றுபோக, கெல்லரில் கெஸல் எரிந்துகொண்டிருந்தது.

அந்த மனிதர் ஊவேயை 'நீங்கள்' என்பார், என்னை 'நீ' என்பார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். அவர் ஒரு போத்தலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெஸல் வீட்டைச் சூடாக்குகிறது, பம்பி பியரைக் குளிராக்குகிறது. இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. நீ எதைத் திருத்த வந்தாய்?"

சத்தமில்லாத பெட்டி

ஜெர்மன்காரரைச் சமாளித்துவிடலாம். சொந்தக்காரரை ஏலாது. என் மனைவியின் தம்பி யோகன் வுப்பர்டாலில் வீடு வாங்கி, என் வாயை நம்பி எங்கள் முதலாளியிடமே பம்பி பூட்டியிருந்தான். மார்கழியில் அவனே தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், நல்ல சாமான் போட்டுத் தந்திருக்கிறியள். சத்தமே இல்லை! வீடு அந்த மாதிரிச் சூடு. இனி அந்தப் பழைய கெஸல் என்னத்துக்கு? கழட்டி எடுங்கோ. பொங்கலுக்கு முன்னம் கெல்லரில கரோக்கே றூம் போடப் போறன்."

"டேய், குளிர் கூடினால் அதுதான்ரா வேணும்."

"சும்மா பயப்பிடுத்தாதேங்கோ. நான் உங்கட முதலாளியோட கதைச்சிட்டன்."

கதைத்தேவிட்டான். முதலாளிக்கு வேலை என்றால் வேலை. என் நாரிக்காக அவர் ஒரு வாடிக்கையாளரை இழக்க மாட்டார். ஏலாது என்று சொன்னால் வேலையில்லாமல் வீட்டில் நிற்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். டொக்டர் சொன்ன கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமலே சொன்னார்: "உன் சொந்தக்காரர் வீடுதானே, நாரி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்."

கெஸல் ஆறும் வரை

யோகன் வீட்டுக்குப் போன அன்று காலை மரங்களெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. தோட்டத்தைப் பார்த்தேன். பம்பியைக் காணவில்லை! அது நின்ற இடத்தில் நீலத் தறப்பாளால் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்டிய ஒரு மூட்டை. ஓரத்தில் பழைய கம்பளமும் போர்வையும் எட்டிப் பார்த்தன. குளிருக்குக் காரை மூடுவது போல, யோகன் பம்பிக்கும் உடுப்புப் போட்டிருக்கிறான். சத்தமில்லாத காரணம் விளங்கியது. மாரி தொடங்கியதிலிருந்து அந்தப் பெட்டி மூச்சே விடவில்லை. வீட்டைச் சூடாக்கியது முழுக்க அவன் கழற்றச் சொன்ன கெஸல்தான். எண்ணெய்த் தாங்கியைத் திறந்து பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவன் நம்பமாட்டான், ஊவே கயிறும் கையுமாக மேல்படியில் ஏற்கெனவே இடம்பிடித்து நின்றான். கெஸலை நிற்பாட்டினேன். "சூடு ஆறினால்தான் தூக்கலாம்" என்றேன். அது உண்மைதான். மேலே போய்த் தேத்தண்ணி கேட்டேன். முதல் கோப்பை முடிய யோகன் கம்பளிச் சட்டை போட்டான். இரண்டாவது கோப்பைக்கு அவனுடைய மனைவி சுகந்தி பிள்ளைகளைப் போர்வைக்குள் சுருட்டிச் சோபாக் கதிரையில் ஏற்றினாள். ஊவே கையுறையைக் கழற்றவில்லை. யோகன் அறை அறையாகப் போய் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தான். அவன் கண் மட்டும் என் பக்கம் வரவில்லை.

"இன்னும் ஆறேல்லையோ, அண்ணை?" என்றாள் சுகந்தி, பல்லுக் கிடுகிடுக்க.

"கெஸல் ஆறுது, பிள்ளை. வீடு முந்திட்டுது."

யோகன் யன்னலால் அந்த மூட்டையைப் பார்த்தான். "அத்தான், பம்பி ஏன் வேலை செய்யேல்லை?" நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். அவன் சப்பாத்தும் போடாமல் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குளிரில் அவிழ்த்தும் பயனில்லை. திரும்பி வந்து, உதடு நீலம் பாய்ந்து, என்னைப் பார்க்காமல் கெல்லர்ப் படியைப் பார்த்துச் சொன்னான்: "அத்தான், அந்தக் கெஸலை ஒருக்காப் பத்த வையுங்கோ. கரோக்கேயைப் பிறகு பாப்பம்."

கொலோனில் கேட்டது

அடுத்த மாதம் கொலோனில் எங்கள் சங்கத்தின் பொங்கல் விழா. வடையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். யோகன் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று, புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு ஹீற்றரைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். பம்பியோடு பழைய கெஸலும் கட்டாயம் இருக்க வேணுமாம், பம்பியை ஒருநாளும் மூடக்கூடாதாம். எல்லாரும் வாய் திறந்து கேட்டார்கள். நான் பின்னால் நின்றது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்: "எங்கட அத்தான் அந்தக் கெஸலைக் கழட்டத்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிண்டவர். நான்தான் விடேல்லை."

கெஸல் அந்தக் கெல்லரிலேயே நிற்கிறது, என் நாரியும் ஒரு மாதிரி நிற்கிறது, மெச்சல் யோகனுக்கும் மேல்படி ஊவேக்கும் போனதைத் தவிர இந்தத் தொழிலில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.