எதிரில் வராத ஆள்

ஆட்டத்துக்கு மறுநாள் கண்ணாயிரம் கூடத்தில் உட்கார்ந்து, தானே துவைத்த பனியன்களை மடித்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில் அந்தக் கால்பந்து டீமுக்கு, எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து கோச்சும் அவர்தான், சலவைக்காரரும் அவர்தான்.

"நாம ரெண்டு பேர், எதிர்ல ஒருத்தன்னா, பந்தோட அவன்கிட்டயே போ. அவன் உன் மேல வந்ததும் பக்கத்து ஆளுக்குத் தள்ளு." தினமும் காலையில் முன்வரிசைக்கு அவர் நடத்தும் பாடம் இதுதான். பின்வரிசைக்குச் சாயங்காலம் தனியாகப் பயிற்சி.

நேற்றைய ஃபைனலில் அவர் மனைவியின் தம்பி வேடியப்பன் அப்படியேதான் போனான். கீழ்பென்னாத்தூர் டீமின் இருசப்பன் மேலே வராமல் பின்னாலேயே நகர்ந்தான். வேடியப்பன் காத்துக்கொண்டே போக, கோல்கீப்பர் பந்தை அள்ளிக்கொண்டான். வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த மில் மேனேஜர் எழுந்து போய்விட்டார்.

"ரெண்டு பேர் இருந்துமாடா கோட்டை விட்டீங்க? மில் வேலை கிடைச்சிரும்னு சொல்லி வச்ச பொண்ணு வீட்டுக்கு இப்ப என்ன சொல்றது?" என்று தம்பியைக் கேட்டாள் ஜோதியம்மாள்.

"மாமாவையே கேளுக்கா. போன வருஷம் வரைக்கும் இருசப்பன் நம்ம டீமு பின்வரிசைதானே? ஒத்தையா மாட்டினா மேல போகாத, பின்வாங்குன்னு அவனுக்குச் சொன்னதே இவருதானாம்."

கண்ணாயிரத்துக்குக் கோபமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அடுத்த பனியனை எடுத்தார்.

"அவன் வரலைன்னா நான் என்ன பண்ணணும் மாமா?"

அவர் பனியனின் கையை உள்ளே மடித்தார். வேடியப்பன் சற்று நின்று பார்த்துவிட்டு வெளியே போனான்.