கம்பெனிக்கு நன்றி

லோகநாதனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் இருபத்திரண்டு வருஷ வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி காலுக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு ஓடும், அதற்கெல்லாம் அசரமாட்டார். ஆனால் சீசன் டிக்கெட் சட்டைப்பையிலேயே இருந்தாலும், ரயிலில் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு நழுவிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் எட்டு மாதம் தினமும் திருடினார் என்றால் நம்புவீர்களா?

திருடியது பெரிதாக ஒன்றுமில்லை. கம்பியை அளவுக்கு வெட்டும்போது நுனியில் விழுகிற விரல் நீளத் துண்டுகள்தான். சென்னையில் சிற்பம் படித்த மகள் தேவதர்ஷினி, கடைசி வருஷக் கண்காட்சிக்கு இரும்பில் ஓர் ஆள் செய்யப்போகிறேன் என்றாள். அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது? தினம் நாலு துண்டு, சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில், மிச்சச் சோற்றுக்குக் கீழே. கேட்டில் வாட்ச்மேன் பையைத் தடவும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பி வரும். மகளிடம் மட்டும், "கம்பெனிலயே குடுத்தாங்கம்மா" என்று சொல்லிவைத்திருந்தார்.

2006இல் கண்காட்சி நாள் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு தன் ஊர் ஆரம்பாக்கத்தில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். கூடத்தின் நடுவே, சாப்பிடச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது இரும்பு ஆள். பார்த்ததும் மனசு நிறைந்துபோயிற்று. கிட்டே போனதும்தான் திக்கென்றது. ஆலையின் பெயர் கம்பியிலேயே எழுத்தெழுத்தாக அச்சாகி வரும். எழுத்து அழகாக இருக்கிறதென்று, எழுத்து விழுந்த துண்டுகளையெல்லாம் பெண் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பற்றவைத்திருந்தாள். போதாக்குறைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: இரும்பு கொடுத்து உதவிய கம்பெனிக்கு நன்றி.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? அந்த அட்டைய எட்த்துடு."

"சும்மா இரு நைனா. இன்னிக்கு சீஃப் கெஸ்ட் யாரு தெரியுமா? உங்க ஜெனரல் மேனேஜர் துளசிராமன் சார்! அவரே பாக்கட்டும்."

லோகநாதன் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. அவர் ஓடிப்போய் ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல!

துளசிராமன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் மூன்று பேர். இரும்பு ஆளிடம் வந்ததும் நின்றார். எழுத்தைப் படித்தார். அட்டையையும் படித்தார்.

"எங்க கம்பிதான். யாரும்மா குடுத்தது?"

"நீங்கதான் சார். எங்கப்பா அங்கதான் வேலை செய்றார்."

"வெட்டுத் துண்டைக்கூட நாங்க திரும்ப உருக்கத்தான் அனுப்புவோம். வெளிய யாருக்கும் குடுக்கறதில்லையே. கேட் பாஸ் இருக்கா?"

தேவதர்ஷினி அப்பாவைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆசிரியர்கள் மூவரின் பார்வையும் அவள்மேல் திரும்பியது. தூணுக்குப் பின்னாலிருந்து லோகநாதன் அதைக் கண்டார். பிறகு தன் கால் எப்படி நடந்தது என்று அவருக்கே தெரியாது.

"நான்தான் சார் எட்த்துக்கினு வந்தேன், கேரியர்ல வெச்சு. பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார். கம்பெனி குடுத்துச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

துளசிராமன் அவரையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தார்.

மகள் அவரை ஓரமாக இழுத்துப் போனாள். கண் கலங்கியிருந்தது. "ஏன் நைனா வந்த? காயிலாங்கடைல பொறுக்கினேன்னு எதுனா சொல்லியிருப்பேன்ல? வேல போய்டுமே!"

"போனா போவுது. அந்த மூணு பேரும் உன்ன திருடியாட்டம் பாத்தாங்கம்மா. அத என்னால பாத்துக்கினு இருக்க முடியல."

சொல்லி முடித்தும் பயம் போகவில்லை. திங்கட்கிழமையை நினைத்து உடம்பு வெடவெடவென்று ஆடியது. அப்படியே ஆடிக்கொண்டுதான், கண்காட்சியை மூடும்வரை மகளோடு அந்தச் சிலைக்குப் பக்கத்திலேயே நின்றார்.